வேறு நாட்டில் முதல் வேலை: தொழில் தெரிந்து குடிபெயர்பவர்களுக்கு

பத்து வருட அனுபவத்தோடு புதிய நாட்டுக்கு வந்தவர் நூறு இடங்களுக்கு ரெஸ்யூம் அனுப்புகிறார், ஒரு பதிலும் வரவில்லை. பெரும்பாலும் குறை அவர் திறமையில் இல்லை. ரெஸ்யூமைத் திறப்பவருக்கு அவர் படித்த கல்லூரியும் வேலை பார்த்த நிறுவனமும் தெரியாது. அவர் வகித்த பதவியின் பெயருக்கு அந்த ஊரில் வேறு பொருள் இருக்கலாம். யாரைக் கேட்டு உறுதி செய்துகொள்வது என்பதும் தெரியாது. பக்கத்திலேயே தெரிந்த கல்லூரியில் படித்த, தெரிந்த நிறுவனத்தில் வேலை பார்த்த இன்னொருவரின் ரெஸ்யூம் இருக்கிறது. திறமை குறைவாக இருந்தாலும் அவரைக் கூப்பிடுவதுதான் பத்திரம் என்று தோன்றும்.

ஆகவே வேலை தேடுவது என்பது இங்கே, உங்கள் அனுபவத்தை முன்பின் தெரியாத ஒருவர் படித்துப் புரிந்துகொண்டு சரிபார்க்கும்படி மாற்றிக் கொடுப்பது. கீழே வரும் ஒவ்வொரு வேலையும் அதற்காகத்தான். வரிசையும் முக்கியம். உரிமம் வேண்டிய தொழிலில் இருப்பவர் ரெஸ்யூமை எவ்வளவு மெருகேற்றினாலும், உரிமம் இல்லாமல் கதவு திறக்காது.

உங்கள் தொழிலுக்கு உரிமம் வேண்டுமா?

மருத்துவர், செவிலியர், மருந்தாளர், பள்ளி ஆசிரியர், வழக்கறிஞர், எலக்ட்ரீஷியன் போன்றவர்களுக்குப் பெரும்பாலான நாடுகளில் பதிவோ உரிமமோ கட்டாயம். மென்பொருள், மார்க்கெட்டிங், விநியோகச் சங்கிலி போன்ற துறைகளில் பொதுவாக அது கிடையாது. வேலை கொடுப்பவர் ஒப்புக்கொண்டால் போதும். பொறியியல் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. கனடாவில் உரிமம் பெற்ற பொறியாளரின் மேற்பார்வையில் உரிமம் இல்லாமலே வேலை செய்யலாம். ஆனால் பெரும்பாலான மாகாணங்களில் உரிமம் வரும்வரை உங்கள் பெயருக்குப் பக்கத்தில் 'இன்ஜினியர்' என்று போட்டுக்கொள்ளக் கூடாது, லிங்க்ட்இன் தலைப்பில்கூட. ஜெர்மனியிலும் 'இங்கெனியூர்' என்பது சட்டப் பாதுகாப்புள்ள பட்டம். பிரிட்டனில் 'இன்ஜினியர்' என்ற சொல்லை யாரும் போட்டுக்கொள்ளலாம், 'சார்ட்டர்ட் இன்ஜினியர்' என்பதற்குத்தான் தகுதி வேண்டும்.

நிறையப் பேர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. விசாவுக்காகச் செய்த கல்வி மதிப்பீடு வேறு, தொழில் செய்வதற்கான உரிமம் வேறு. கனடாவின் குடியேற்ற விண்ணப்பத்துக்கு வேர்ல்ட் எஜுகேஷன் சர்வீசஸ் போன்ற நிறுவனங்கள் கொடுக்கும் கல்வி மதிப்பீடு, உங்கள் பட்டம் அங்குள்ள எந்தப் பட்டத்துக்குச் சமம் என்று மட்டுமே சொல்லும். ஆஸ்திரேலியாவில் ஆசிரியர்களுக்குக் குடியேற்றத்துக்கான மதிப்பீட்டைச் செய்வது ஏஐடிஎஸ்எல். வகுப்பறைக்குள் நுழைய, அந்தந்த மாநிலத்தின் பதிவு அமைப்பில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். விசா கைக்கு வந்துவிட்டதால் தகுதி முழுதும் ஏற்கப்பட்டுவிட்டது என்று நினைத்து இறங்குபவர்கள், வந்த பிறகு பல மாதங்களை இழக்கிறார்கள்.

மருத்துவத் துறையினர் தேர்வுகளுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். பிரிட்டனில் வெளிநாட்டில் படித்த மருத்துவர்களில் பலர் இரண்டு பகுதிகள் கொண்ட பிளாப் தேர்வு எழுதி, ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலில் பதிவு செய்கிறார்கள். செவிலியர்களுக்கு அங்கே கணினித் தேர்வு ஒன்றும் ஆஸ்கி எனப்படும் செய்முறைத் தேர்வு ஒன்றும் உண்டு. ஜெர்மனியில் மருத்துவர்கள் 'அப்ரோபாட்சியோன்' என்ற உரிமம் பெற, மருத்துவ மொழித் தேர்வையும் தாண்ட வேண்டும். அன்றாட ஜெர்மன் தெரிந்தால் மட்டும் போதாது, நோயாளியிடம் விசாரித்து அதை மருத்துவர் மொழியில் எழுதிக் காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் சுகாதாரத் தொழில்களின் பதிவு ஆப்ரா மூலம் நடக்கிறது.

உரிமம் தேவையில்லாத தொழிலாக இருந்தாலும் பட்டத்தின் சமநிலையைப் பார்த்துவைப்பது நல்லது. ஜெர்மனிக்கு அனபின் என்ற இணையத் தரவுத்தளம் இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் அதில் 'ஹெச் பிளஸ்' என்று இருந்து, பட்டமும் சமமானது என்று குறிக்கப்பட்டிருந்தால் அந்தப் பக்கங்களை அச்சிட்டு வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் இசட்ஏபி என்ற அமைப்பிடம் ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். பிரிட்டனுக்கு யூகே எனிக், நியூசிலாந்துக்கு என்இசட்கியூஏ. மென்பொருள் போன்ற துறைகளில் இந்தத் தாளை வேலை கொடுப்பவர் கேட்பது அரிது. அங்கே இதற்குப் பெரும் பணம் செலவழிப்பதைவிட மற்ற படிகளில் கவனம் வைக்கலாம்.

கிளம்பும் முன் சேகரிக்க வேண்டியவை

நாட்டை விட்டு வந்த பிறகு ஒரு தாளை வாங்குவது பத்து மடங்கு சிரமம். பழைய நிறுவனம் மூடியிருக்கும், மேலாளர் வேறு எங்கோ போயிருப்பார், பல்கலைக்கழக அலுவலகத்தில் நேரில் நின்று கேட்க ஆள் இருக்காது.

முதலில் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பாடவாரியான மதிப்பெண் பட்டியல். பல மதிப்பீட்டு நிறுவனங்கள் அதை உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்வதில்லை. பல்கலைக்கழகமே முத்திரையிட்ட உறையிலோ மின்னணு முறையிலோ நேரடியாக அனுப்ப வேண்டும். உங்கள் கைக்கு வந்த உறையை நீங்கள் பிரித்துவிட்டால் அது செல்லாது. கூடுதலாக இரண்டு பிரதிகளை முத்திரையோடு, பிரிக்காமல் எடுத்து வையுங்கள். உரிமம் வேண்டிய தொழில் என்றால் பாடத்திட்டத்தின் விரிவான பிரதியும் தேவைப்படும். எந்தப் பாடத்தை எத்தனை மணி நேரம் படித்தீர்கள் என்று பார்ப்பார்கள்.

அடுத்தது அனுபவச் சான்று. 'இவர் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பணிபுரிந்தார், நன்னடத்தை உள்ளவர்' என்ற இரண்டு வரிச் சான்று கிட்டத்தட்டப் பயனற்றது. பதவி, தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், என்னென்ன பொறுப்புகள், கையெழுத்திட்டவரின் பதவி, தொடர்பு விவரம் இத்தனையும் நிறுவனத் தாளில் இருக்க வேண்டும். பொறுப்புகளை நீங்களே எழுதி மேலாளரிடம் சரிபார்க்கக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். நிறுவனம் இப்படி விரிவாகத் தர மறுத்தால், மேலாளர் தன் பெயரில் எழுதித் தரும் கடிதத்தோடு சம்பளச் சீட்டு, வருமான வரி ஆவணம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

தொழில் கவுன்சிலில் பதிவு உள்ளவர்கள், உங்கள் பதிவில் குறை எதுவும் இல்லை என்று கவுன்சில் தரும் 'நன்னிலைச் சான்று' எப்படி அனுப்பப்படுகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அது சில மாதங்களுக்கு மட்டுமே செல்லும். சீக்கிரமே வாங்கிவிட்டால் விண்ணப்பிக்கும்போது காலாவதி ஆகியிருக்கும்.

பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதை இப்போதே பாருங்கள். ஒரு சான்றிதழில் தலைப்பெழுத்து, இன்னொன்றில் அதன் விரிவு, பாஸ்போர்ட்டில் வேறு வரிசை என்று இருந்தால் ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்கம் கேட்பார்கள். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவருடையதே என்று சொல்லும் பிரமாணப் பத்திரம் ஒன்றை ஊரிலேயே வாங்கிக்கொள்வது எளிது. ரெஸ்யூம், லிங்க்ட்இன், மின்னஞ்சல் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைப் போடுங்கள். ஓட்டுநர் உரிமம் எப்போது பெற்றீர்கள் என்ற சான்றும் உதவும். களப்பணிகளில் பலவற்றுக்கு வாகனம் ஓட்டத் தெரிவது ஒரு தகுதி.

இருபது விளம்பரங்கள்

ரெஸ்யூமில் கை வைப்பதற்கு முன், நீங்கள் போக விரும்பும் வேலைக்கு அந்த நாட்டில் வந்திருக்கும் விளம்பரங்களில் இருபதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்றால் சீக், கனடா என்றால் அரசின் ஜாப் பேங்க், ஜெர்மனி என்றால் அரசு வேலைவாய்ப்பு முகமையான புண்டெஸ்அகென்டூரின் தளம், எங்குமே லிங்க்ட்இன். ஒவ்வொன்றிலும் கேட்கப்பட்ட தகுதிகளை ஒரு தாளில் எழுதி, எத்தனை விளம்பரங்களில் வருகிறது என்று எண்ணுங்கள். பிறகு அவற்றை மூன்றாகப் பிரியுங்கள்: என்னிடம் இருக்கிறது, வேறு பெயரில் இருக்கிறது, இல்லை.

நடுவில் உள்ள பிரிவுதான் மிக மதிப்புள்ளது. உங்கள் ஊரில் ஒரு பெயர், அங்கே வேறு பெயர், வேலை ஒன்றே. அங்குள்ள பெயரை ரெஸ்யூமில் எழுதினால் போதும், ஒரு தகுதி கூடிவிடும். பதவிப் பெயரும் இப்படித்தான். ஓரிடத்தில் 'மேனேஜர்' என்றால் ஆட்களை வைத்து வேலை வாங்குபவர். இன்னோரிடத்தில் தனியாக வேலை செய்பவருக்கும் அதே பெயர். கனடாவின் என்ஓசி 2021 என்ற அரசுத் தொழில் பட்டியலில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஐந்து இலக்க எண்ணும் பொறுப்புகளின் விவரமும் உண்டு. உங்கள் அன்றாட வேலை அதில் எந்த எண்ணோடு பொருந்துகிறது என்று பார்த்தால், எந்தப் பதவிப் பெயரில் தேட வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

மூன்றாவது பிரிவில், இருபதில் பன்னிரண்டு, பதினைந்து விளம்பரங்களில் வருவதை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் சின்ன விஷயமாகவே இருக்கும். ஆஸ்திரேலியாவில் கட்டுமானத் தளத்துக்குள் போக ஒயிட் கார்டு என்ற பாதுகாப்புப் பயிற்சி அட்டை வேண்டும். பிரிட்டனில் பெரும்பாலான தளங்களில் சிஎஸ்சிஎஸ் அட்டை கேட்பார்கள். மின்பொறியாளருக்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் ஏஎஸ்/என்இசட்எஸ் 3000, பிரிட்டனில் பிஎஸ் 7671, கட்டட வடிவமைப்பாளருக்கு ஐரோப்பாவில் யூரோகோட். இந்த விதிநூல்களோடு பழகி, நீங்கள் பழகிய விதிகளிலிருந்து எங்கே வேறுபடுகின்றன என்று சொல்லத் தெரிந்தால், நேர்காணலில் இன்னொரு முதுகலைப் பட்டத்தைவிட அது கூடுதல் வேலை செய்யும். வேலை கிடைக்கவில்லையே என்று உடனே இரண்டு வருடப் படிப்பில் சேர்வது செலவு மிகுந்த பாதை. உரிமத்துக்கு அது கட்டாயம் என்றால் ஒழிய, முதல் பதிலாக அதை எடுக்க வேண்டாம்.

ரெஸ்யூம்

நாட்டுக்கு நாடு வடிவம் மாறும். கனடாவிலும் அமெரிக்காவிலும் ஒன்று அல்லது இரண்டு பக்கம். பிரிட்டனில் இரண்டு. ஆஸ்திரேலியாவில் மூன்று, நான்கு பக்கம் வரை போனாலும் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அரசு வேலை என்றால் தேர்வு அளவுகோல்கள் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பதில் எழுத வேண்டியிருக்கும். ஜெர்மனியில் அட்டவணை போன்ற 'லேபன்ஸ்லாஃப்', அதோடு சான்றிதழ்களின் நகல்கள். அங்கே படம் வைப்பது இன்னும் பரவலாக இருக்கிறது, ஆனால் சட்டப்படி கட்டாயமில்லை. ஆங்கிலம் பேசும் நாடுகளில் படம், பிறந்த தேதி, திருமண நிலை, மதம், பெற்றோர் பெயர் எதையும் போடாதீர்கள். பாகுபாடு காட்டியதாகப் புகார் வருமோ என்று ஹெச்.ஆர். தயங்குவார், உள்ளூர் முறை தெரியாதவர் என்பதும் முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

பெரிய நிறுவனங்களில் ரெஸ்யூமை முதலில் வாங்கி வைப்பது ஒரு மென்பொருள். பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த வடிவம், உரைப்பெட்டி, பக்கத்தின் மேல் ஓரத்தில் வைத்த தொலைபேசி எண், படமாக வைத்த எழுத்து ஆகியவற்றை அது தவறாகப் படிக்கலாம். சோதித்துப் பார்க்க எளிய வழி: கோப்பிலுள்ள எழுத்து முழுவதையும் நகலெடுத்து ஒரு வெற்று நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே வரிசை குழம்பினால் மென்பொருளுக்கும் குழம்பலாம்.

உள்ளடக்கத்தில் மூன்று திருத்தங்கள் பெரிய வித்தியாசம் தரும்.

ஒன்று, ஒவ்வொரு பழைய நிறுவனத்தின் பெயருக்குக் கீழும் அது என்ன நிறுவனம் என்று ஒரு வரி. 'கார் பிரேக் உதிரிபாகங்கள் செய்யும் நிறுவனம், 600 ஊழியர்கள், ஐரோப்பிய ஆலைகளுக்கு ஏற்றுமதி.' பெயர் தெரியாத நிறுவனம் இந்த ஒரு வரியில் தெரிந்ததாகிவிடும். படிப்பவருக்குத் தெரிந்த வாடிக்கையாளர் இருந்து, அதை வெளியில் சொல்லத் தடை இல்லை என்றால் சேருங்கள்.

இரண்டு, பொறுப்பை எழுதாமல் விளைவை எழுதுவது. 'இயந்திரப் பராமரிப்பைக் கவனித்தேன்' என்பது யாரும் எழுதக்கூடிய வரி. '40 இயந்திரங்கள் உள்ள பிரிவில் பராமரிப்பு அட்டவணையை மாற்றியமைத்து, எதிர்பாராத நிறுத்தத்தை மாதம் 30 மணியிலிருந்து 12 மணியாகக் குறைத்தேன்' என்பது செய்தவர் மட்டுமே எழுதக்கூடியது. எண்கள் உண்மையாக இருக்க வேண்டும். நேர்காணலில் எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டால் நிமிடத்தில் சொல்ல முடிய வேண்டும்.

மூன்று, அளவுகள். லட்சம், கோடி அங்கே புரியாது. மில்லியனில் எழுதி, அந்த நாட்டு நாணயத்தில் தோராய மதிப்பைக் கொடுங்கள். தேதியில் மாதத்தை எழுத்தாக எழுதினால், நாள் முதலா மாதம் முதலா என்ற குழப்பம் வராது.

மேலே உள்ளூர் தொலைபேசி எண், நகரத்தின் பெயர், வேலை செய்யும் உரிமை பற்றி ஒரு வரி. நிரந்தர வசிப்புரிமையோ முழு வேலை உரிமையோ இருந்தும் அதைக் குறிப்பிடாமல் விட்டால், விசாவுக்கு நிறுவனத்தின் ஸ்பான்சர் கேட்பவர் என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள். உண்மையிலேயே ஸ்பான்சர் தேவைப்படுபவர் பிரிட்டனுக்கு விண்ணப்பித்தால், அரசு வெளியிடும் உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியலில் அந்த நிறுவனம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாதவற்றுக்கு நேரம் செலவழிப்பது வீண். ஜெர்மனியில் 2024 ஜூன் முதல் 'சான்சன்கார்ட்டே' என்ற விசா இருக்கிறது. வேலை கிடைக்கும் முன்பே போய், ஒரு வருடம் வரை அங்கிருந்தே தேடலாம். அந்தக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை பகுதிநேர வேலைக்கும் அனுமதி உண்டு.

மனிதர்கள் வழியாக

விளம்பரத்துக்கு விண்ணப்பிப்பது, முன்பின் தெரியாதவர்கள் அத்தனை பேரோடும் ஒரே வரிசையில் நிற்பது. உங்களைப் பற்றிய சந்தேகம் குறைய, உள்ளே இருக்கும் ஒருவர் உங்களோடு பேசியிருக்க வேண்டும். இதற்குச் சிபாரிசு கேட்டு அலைய வேண்டியதில்லை. பதினைந்து நிமிடம் பேசக் கேட்பதே வழி. அந்த நாடுகளில் அது இயல்பான பழக்கம். கேட்பவரைத் தவறாக நினைக்க மாட்டார்கள்.

உங்கள் தொழிலில், உங்கள் நகரத்தில் இருப்பவர்களை லிங்க்ட்இன்னில் தேடுங்கள். இரண்டு வகை ஆட்கள் வேண்டும்: ஐந்து வருடத்துக்குள் வெளிநாட்டிலிருந்து வந்து அதே வேலையில் அமர்ந்தவர்கள், அங்கேயே வளர்ந்தவர்கள். முதல் வகையினர் பாதை சொல்வார்கள், இரண்டாம் வகையினர் மொழியும் எதிர்பார்ப்பும் சொல்வார்கள். ஒரே ஊர்க்காரர்களோடு மட்டும் பேசினால் ஆறுதல் கிடைக்கும், ஆனால் அவர்களுக்குத் தெரிந்த அதே நான்கு நிறுவனங்களையே சுற்றிவருவோம்.

செய்தி நான்கு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். நான் இன்ன தொழில், இத்தனை வருடம். இந்த நகரத்துக்குப் புதிது. உங்கள் நிறுவனம் செய்த இன்ன வேலையைப் பார்த்தேன், அல்லது நீங்கள் வந்த பாதை என்னுடையதைப் போல இருக்கிறது. இந்தத் துறை இங்கே எப்படி இயங்குகிறது என்று பதினைந்து நிமிடம் கேட்க விரும்புகிறேன். ரெஸ்யூமை இணைக்காதீர்கள், வேலை கேட்காதீர்கள். வாரத்துக்கு ஐந்து பேருக்கு எழுதுங்கள், ஒன்றிரண்டு பதில் வந்தால் நல்ல விகிதம்.

பேசும்போது கேட்கத் தகுந்தவை: இந்த வேலையில் புதிதாக வருபவர் முதல் மூன்று மாதத்தில் எங்கே திணறுகிறார்? என் பின்னணியைப் பார்த்தால் உங்களுக்கு என்ன சந்தேகம் வருகிறது? என்னை மாதிரி ஆளை எடுக்கும் சின்ன நிறுவனங்கள் எவை? இன்னும் யாரிடம் பேசலாம்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் கசப்பாக இருந்தாலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பலர் ஒரே சந்தேகத்தைச் சொன்னால், ரெஸ்யூமின் முதல் பத்தியிலேயே அதற்குப் பதில் இருக்க வேண்டும். அன்றே நன்றி சொல்லி ஒரு வரி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து, அவர் சொன்ன எதையாவது செய்து பார்த்துவிட்டு அதை அவருக்குத் தெரிவியுங்கள். வேலை காலியாகும்போது உங்கள் பெயர் அவர் நினைவுக்கு வருவது அப்போதுதான்.

புதிதாக வந்த தொழில்வல்லுநர்களுக்கென்றே நடக்கும் திட்டங்களும் உண்டு, பல இலவசம். டொராண்டோவில் டிரையெக்கின் வழிகாட்டித் திட்டம், அக்சஸ் எம்ப்ளாய்மென்ட். மெல்பர்னில் ஏம்ஸ் ஆஸ்திரேலியாவின் பயிற்சி. ஜெர்மனியில் ஐகியூ நெட்வெர்க். நேர்காணல் பயிற்சியைவிட, அங்கே கிடைக்கும் உள்ளூர் வழிகாட்டியின் தொடர்புக்காகவே சேரலாம்.

ரெக்ரூட்டர்களுக்குச் சம்பளம் தருவது நிறுவனம். ஆகவே விளம்பரத்துக்கு அச்சாகப் பொருந்துபவரையே அவர்கள் தேடுவார்கள். உங்கள் பாதையை வகுத்துத் தருவது அவர்கள் வேலையல்ல. ஆனால் தற்காலிக ஒப்பந்த வேலைகளுக்கு அவர்களே நல்ல வழி. 'உடனே சேரலாம்' என்று சொல்லக்கூடியவருக்கு அங்கே மதிப்பு உண்டு.

'உள்ளூர் அனுபவம் இல்லை'

இந்தப் பதிலுக்கு எதிராகச் சில இடங்களில் விதிகளே மாறியிருக்கின்றன. ஒன்டாரியோவின் பொறியாளர் அமைப்பு, கனடிய அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை 2023 மே மாதம் நீக்கியது. 2026 ஜனவரி 1 முதல் அதே மாகாணத்தில், 25 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் கனடிய அனுபவத்தைக் கேட்கக் கூடாது. இருந்தாலும் எடுப்பவரின் மனத்தில் அந்தத் தயக்கம் இருக்கும், அதைக் குறைக்க ஆறு மாத உள்ளூர் வேலையே கூடப் போதும்.

அது எளிதாகக் கிடைக்கும் இடம், பிரசவ விடுப்பில் போனவருக்குப் பதிலாக எடுக்கப்படும் வேலை. ஒரு வருட ஒப்பந்தம் என்பதால் நல்ல வேலையில் இருக்கும் உள்ளூர்க்காரர் அதற்கு வரத் தயங்குவார், போட்டி குறையும். உங்களுக்கோ அதே பதவி, அதே வேலை, கடைசியில் உங்கள் வேலையைப் பற்றிச் சொல்ல ஒரு உள்ளூர் ரெஃபரன்ஸ். பெருநகரத்தை விட்டுச் சற்றுத் தள்ளிய ஊர்களையும் ஐம்பது பேருக்குக் குறைவான நிறுவனங்களையும் பாருங்கள். அங்கே ரெஸ்யூமைப் பெரும்பாலும் முதலாளியே படிக்கிறார்.

பதவியில் ஒரு படி இறங்கலாம். தன் துறைக்குள் ஒரு படி கீழே போனவர் ஒன்றிரண்டு வருடத்தில் மேலே வர வாய்ப்பு உண்டு. மூன்று படி இறங்கினால் அந்தப் படியே உங்கள் அடையாளமாகிவிடும். 'தகுதி அதிகம், சீக்கிரம் போய்விடுவார்' என்று அங்கேயும் ஒதுக்குவார்கள். துறைக்கு வெளியே போவது அதைவிடத் தூரம்.

வாடகைக்காகக் கிடங்கிலோ கடையிலோ வேலை பார்க்க நேர்ந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மாலை அல்லது வார இறுதி ஷிப்ட் கேளுங்கள். அழைப்புகளும் நேர்காணல்களும் வருவது வார நாட்களின் பகல் நேரத்தில். பகல் முழுதும் போன் எடுக்க முடியாத வேலை, தேடலை அப்படியே நிறுத்திவிடும். இந்த வேலையை எப்போது விடுவது என்று தொடங்கும்போதே ஒரு மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஆறு மாதச் செலவுக்கான பணத்தோடு வாருங்கள், ஒவ்வாத வேலையை மறுக்க அந்தச் சேமிப்புதான் தைரியம் தரும்.

நேர்காணல்

தொழில் அறிவில் தோற்பவர்கள் குறைவு. பதில் சொல்லும் முறையில்தான் தவறுகிறார்கள். 'ஒரு முறை சக ஊழியரோடு கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்' போன்ற கேள்விகள் நிச்சயம் வரும். 'எனக்கு யாரோடும் பிரச்சினை வந்ததில்லை' என்ற பணிவான பதில் அங்கே வெற்றுப் பதில். சூழல், உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு என்ற வரிசையில் இரண்டு நிமிடத்தில் சொல்ல ஆறேழு சம்பவங்களைத் தயார் செய்யுங்கள்: ஒரு மோதல், ஒரு தோல்வி, ஒரு நெருக்கடி, மேலாளரின் முடிவை மறுத்த ஒரு சந்தர்ப்பம், பாதுகாப்புக்காக வேலையை நிறுத்திய ஒரு நாள் போன்றவை.

'நாங்கள் செய்தோம்' என்றே பழகியவர்கள் 'நான் செய்தேன்' என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். கேட்பவரோ, இவர் எதுவும் செய்யவில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். குழுவின் பெயரை ஒரு முறை சொல்லிவிட்டு, உங்கள் பங்கை 'நான்' என்றே சொல்லுங்கள். பதிலை போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். வேகமாகப் பேசுவதுதான் பெரும்பாலும் சிக்கல். உச்சரிப்பை மாற்ற முயல வேண்டாம், வேகத்தைக் குறைத்தால் போதும். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கலாம். புரியாமல் நீண்ட பதில் சொல்வதுதான் கெடுக்கும்.

ரெஃபரன்ஸ் தருபவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். எந்த வேலை, எதைக் கேட்கக்கூடும், எந்த நேரத்தில் அழைப்பு வரும் என்று தெரியாவிட்டால் நல்லவரும் சொதப்பிவிடுவார். நிறுவன மின்னஞ்சல் முகவரி உள்ளவராக இருந்தால் நம்பகம் கூடும். ஜெர்மனியில் வேலை செய்துவிட்டு நகர்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கு தரும் பணிச் சான்றில் ஒரு சங்கேத மொழி உண்டு. 'எப்போதும் எங்களுக்கு முழுமையிலும் முழுமையான திருப்தி' என்ற பொருள் தரும் வாக்கியம் முதல் தரம். வெறும் 'எங்களுக்குத் திருப்தி' என்றால் சுமாரானவர் என்று அர்த்தம். கையில் வாங்கியதும் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டி, தேவையானால் திருத்தம் கேளுங்கள்.

எங்கே நிற்கிறது என்று பார்ப்பது

ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தேதியோடு ஒரு அட்டவணையில் எழுதி வந்தால், மாதக் கடைசியில் சிக்கல் எங்கே என்று தெரியும். முப்பது, நாற்பது விண்ணப்பத்துக்கு ஒரு அழைப்பும் இல்லை என்றால் பதவிப் பெயர், ரெஸ்யூம், உரிமம் இவற்றில் ஒன்று. அழைப்பு வருகிறது, முதல் தொலைபேசிப் பேச்சோடு நின்றுவிடுகிறது என்றால் பேசும் முறை அல்லது சம்பள எதிர்பார்ப்பு. கடைசிச் சுற்று வரை போய் நின்றால் ரெஃபரன்ஸ், அல்லது உள்ளூர் விதிகளைப் பற்றிய கேள்வியில் தடுமாற்றம். எதையும் மாற்றாமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டுவது, இருக்கும் நம்பிக்கையையும் தின்றுவிடும்.

ஆஃபர் கைக்கு வந்தால்

சொல்லப்படும் சம்பளம் வரிக்கும் காப்பீட்டுக்கும் முந்தையது. ஜெர்மனியில் பிடித்தம் கணிசமாக இருக்கும். கையில் வருவதைக் கணக்கிடும் கருவிகள் இணையத்தில் உள்ளன. ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலை முதல் ஓய்வூதியப் பங்கு 12 சதவீதம். சொன்ன தொகை அதையும் சேர்த்ததா, அதற்கு மேலா என்று கேளுங்கள். ஊழியர் என்று சொல்லி எடுத்துவிட்டு, தனி ஒப்பந்தக்காரராகப் பதிவு செய்யச் சொன்னால் விடுப்பு, ஓய்வூதியம், காப்பீடு எல்லாம் உங்கள் தலையில் விழும்.

'ஒரு வாரம் சம்பளமில்லாமல் வேலை செய்து காட்டுங்கள்' என்பதை ஏற்க வேண்டாம். திறமையைக் காட்டச் சிறிது நேரம் ஒதுக்குவது வேறு, நாள் கணக்கில் உற்பத்தியில் நிற்பது வேறு. வேலை தருவதற்காகப் பணம் கேட்பவர், நேர்காணலே இல்லாமல் ஆஃபர் அனுப்புபவர், லேப்டாப் வாங்க என்று காசோலை அனுப்பி மீதியைத் திருப்பிக் கேட்பவர், பாஸ்போர்ட்டைத் தானே வைத்துக்கொள்கிறேன் என்பவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள். பிரிட்டனில் ஏஜென்சிகள் வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவது பொதுவாகச் சட்டப்படி கூடாது.

சேர்ந்த நாளிலிருந்து ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வரி ஆவணம், பதவி மாற்றக் கடிதம் எல்லாவற்றையும் அலுவலகக் கணினிக்கு வெளியே உங்கள் சொந்த இடத்தில் சேமித்து வையுங்கள். விசா நீட்டிப்புக்கும் நிரந்தர வசிப்புரிமைக்கும் உரிமத்துக்கான அனுபவக் கணக்குக்கும் அவற்றைத்தான் கேட்பார்கள். வேலையை விட்ட மறுநாள் அந்தக் கணினிக்குள் உங்களால் நுழைய முடியாது.